தடமும் எழுவாயும்

தமிழில் 'நகர்ந்தது' என்றும் 'நகர்த்தியது' என்றும் இரண்டு வினைகள் இருக்கின்றன. முதலாவதைச் சொல்லும்போது செய்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை. இரண்டாவதைச் சொன்னவுடன் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வாக்கியம் முடிவதில்லை. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டுவிட்டு மறந்துபோகிற இந்த வித்தியாசம் வெறும் இலக்கண விஷயம் அல்ல. நம்முடைய ஒழுக்கச் சிந்தனையின் பெரும்பகுதி இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவில்தான் ஊசலாடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு தீங்கு விளைந்தால் ஒரு சாரார் 'நிகழ்ந்தது' என்கிறார்கள்; காலம், சூழ்நிலை, அமைப்பு என்று காரணம் காட்டுகிறார்கள். இன்னொரு சாரார் 'நிகழ்த்தினான்' என்கிறார்கள். ஓர் ஆளைத் தேடுகிறார்கள், கிடைக்காவிட்டால் சிருஷ்டித்துக்கொள்கிறார்கள். நம் பத்திரிகைகளில் நடக்கும் சச்சரவுகளிலும் இந்த இரண்டு கட்சிகள்தாம் பல வருஷங்களாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. விளைவு பெரிதாக இருந்தால் அதன் பின்னால் இருப்பதும் பெரிதாகத்தான் இருக்கவேண்டும் என்று இரண்டுமே நம்புகின்றன. ஒன்றுக்கு அது பெரிய அமைப்பு. மற்றதற்குப் பெரிய ஆள்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, மனிதர்கள் சம்பந்தப்படாத ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். பாலைவனத்து ஏரி ஒன்று உறைந்து இளகுகிற நிகழ்ச்சி.

பாலைவனம் என்றவுடன் வெயில்தான் ஞாபகம் வருகிறது. பாலையை நிர்ணயிப்பது சூடு அல்ல, வறட்சி. லடாக்கின் பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு குளிர்ப்பாலையில் கிடக்கிறது; உப்பு ஏரியாக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது. வறண்ட பிரதேசங்களில் காற்றில் நீராவி குறைவு, மேகமும் குறைவு. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் வெளியே விடும்போது அதைத் தடுத்து நிறுத்த மேலே எதுவும் இல்லை. ஈரானின் பாலைவன ஊர்களில் மின்சாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத தொட்டிகளில் நீரைப் பரப்பி வானத்துக்குக் காட்டிவைத்து, விடிவதற்குள் பனிக்கட்டியாக எடுத்து, யக்சால் என்ற மண்கூம்புகளில் கோடைக்காகச் சேமித்தார்கள். ஆழமின்மை இதில் முக்கியம். நன்னீர் 4 டிகிரி செல்ஷியஸில்தான் அதிக அடர்த்தி பெறுகிறது. ஆழமான ஏரியில் மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, கீழிருப்பது மேலே வர, ஏரி முழுவதும் அந்த நிலைக்கு வந்த பிறகே மேற்பரப்பு உறையத் தொடங்கும். சில அங்குல நீருக்கு அத்தனை அவகாசம் தேவையில்லை. ஓர் இரவில் உறைகிறது. அடுத்த முற்பகலில் இளகுகிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் டெத் வேலி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 1913ம் வருஷம் ஜூலை 10ந் தேதி அங்கே பதிவான 56.7 டிகிரி செல்ஷியஸ்தான் உலகத்தில் பதிவான மிக அதிகமான காற்று வெப்பம் என்று இன்றும் கணக்கில் இருக்கிறது. அதே பிரதேசத்தின் மலைகளுக்கு நடுவே, சுமார் 1,130 மீட்டர் உயரத்தில், ரேஸ்ட்ராக் பிளாயா என்ற ஏரிப்படுகை இருக்கிறது. பிளாயா என்றால் மழை வந்தால் ஏரி, வற்றினால் வெடித்த களிமண் தரை. நாலரைக் கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம். அந்த நீளம் முழுவதிலும் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் உயர வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். தென்கோடியில் உள்ள குன்றிலிருந்து கற்கள் உடைந்து தரையில் விழுகின்றன. சில கைக்குள் அடங்குபவை. மிகப் பெரியது ஏறக்குறைய 300 கிலோ. இந்தக் கற்களுக்குப் பின்னால் களிமண்ணில் உழுத சால்போல நீண்ட தடங்கள். சில தடங்கள் நேராகப் போகின்றன, சில வளைகின்றன, சில திரும்பி வருகின்றன. பக்கத்தில் மனிதனின் காலடியோ மிருகத்தின் குளம்படியோ இல்லை. கல் இருக்கிறது, தடம் இருக்கிறது, இழுத்தவன் இல்லை.

இந்த இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் விஷயத்துக்கு நெருக்கமானது. 1948ல் மக்அலிஸ்டர், ஆக்னியூ என்ற இரண்டு புவியியலாளர்கள் முதலில் இதைப் பற்றி எழுதியபோது, தரை நனைந்திருக்கும் சமயத்தில் வீசும் சூறைக்காற்றைக் காரணமாக யோசித்தார்கள். 1955ல் ஸ்டான்லி என்பவர், பக்கத்துப் பக்கத்துத் தடங்கள் ஒரேமாதிரி வளைந்திருப்பதைக் கவனித்து, பல கற்களையும் ஒன்றாகப் பிடித்திருந்த பனிப்படலம் ஒன்று நகர்ந்திருக்கவேண்டும் என்றார். எழுபதுகளில் ஷார்ப், கேரி இருவரும் முப்பது கற்களுக்குப் பெயர் வைத்து, வருஷக்கணக்காக அவற்றின் இடத்தைக் குறித்துவந்தார்கள். ஒரு சிறு கல்லைச் சுற்றி வட்டமாக இரும்பு முளைகளை அடித்தார்கள். பனிப்படலம்தான் காரணம் என்றால் முளைகள் அதைத் தடுத்துவிடும், கல் நகராது என்பது தர்க்கம். அந்தக் குளிர்காலத்திலேயே கல் முளைகளுக்கு நடுவே புகுந்து வெளியே போய்விட்டது. ஆகவே பனிப்படலத்தின் மேலிருந்த சந்தேகம் பலவீனப்பட்டது, காற்றின் மேல் சந்தேகம் கூடிற்று. சோதனையில் பிழை சொல்ல முடியாது. ஆனால் கனமான கல்லை நகர்த்துவது கெட்டியான பனிக்கட்டியாகவோ கடும் காற்றாகவோதான் இருக்கமுடியும் என்ற எண்ணம், சோதனைக்கு முன்பே கேள்விக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 300 கிலோவுக்குத் தகுந்த ஒரு சக்தியைத் தேடினார்கள். தடத்தின் அளவுக்கு ஒரு கர்த்தா.

2011ல் ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் அங்கே ஒரு வானிலைக் கருவியை நிறுவினார்கள். அங்குள்ள கற்களைத் துளைக்க அனுமதி இல்லாததால், வேறிடத்திலிருந்து பதினைந்து கற்களைக் கொண்டுவந்து, அவற்றில் ஜி.பி.எஸ். கருவிகளைப் பொருத்தித் தரையில் வைத்தார்கள். எந்த வருஷம் நகரும் என்று யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் காத்திருக்கவும் தயாராகத்தான் இருந்தார்கள். 2013 நவம்பரில் மழையும் பனியும் பெய்து படுகையின் தென்பகுதியில் சில அங்குலம் நீர் தேங்கிற்று. டிசம்பர் 20ந் தேதி இருவரும் கரையில் இருந்தபோது, முற்பகல் முடிந்து நண்பகலாகும் நேரத்தில், கற்கள் நகர்வதைக் கண்ணால் பார்த்தார்கள். அன்று அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள் நகர்ந்தன. 2014 ஆகஸ்டில் அவர்களும் ரால்ஃப் லோரென்ஸ் முதலியவர்களும் சேர்ந்து இதைப் பிரசுரித்தார்கள்.

அவர்கள் கண்டது இது. இரவில் நீரின் மேல் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள பனித்தகடு உறைகிறது. ஜன்னல் கண்ணாடி அளவு கனம். நீர் அந்தத் தகடு மிதப்பதற்குப் போதிய ஆழம் இருக்கவேண்டும். கற்களை மூழ்கடிக்கும் அளவு ஆழமாகவும் இருக்கக்கூடாது. காலை வெயிலில் தகடு இளகி, பல பத்து மீட்டர் அகலமுள்ள பாளங்களாக உடைகிறது. வினாடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் காற்று. மரத்தில் இலை அசையும், சிறு கிளை ஆடும், அவ்வளவுதான். இந்தக் காற்றும் தகட்டுக்கு அடியில் ஓடும் நீரும் பாளத்தைத் தள்ள, பாளம் தன் வழியில் நிற்கும் கல்லைத் தள்ளுகிறது. கீழே களிமண் நனைந்து வழுக்குகிறது. கல் நிமிஷத்துக்கு இரண்டு முதல் ஐந்து மீட்டர் போகிறது. சில வினாடிகளில் நிற்பதும் உண்டு, பதினாறு நிமிஷம் போவதும் உண்டு. சில கற்கள் அந்த ஒரு குளிர்காலத்தில் பல தடவை நகர்ந்து, மொத்தம் 224 மீட்டர்வரை போயின. பிறகு பனி உருகுகிறது, நீர் ஆவியாகிறது, மண் இறுகுகிறது. செய்தவை எல்லாம் போய்விட, செயல் மட்டும் தரையில் எழுதப்பட்டு மிஞ்சுகிறது. இதைவிட விசித்திரமானது, இத்தனை மெதுவான நகர்வைக் கரையில் நிற்கிறவன் கண்டுகொள்ளாமலே இருக்கமுடியும் என்பது. பார்த்துக்கொண்டு நின்றபோதே நடந்து, பார்க்காமல் போயிருக்கக்கூடும்.

இதில் யார் நகர்த்தியது? மழையா, இரவா, வெயிலா, காற்றா, தகடா, களிமண்ணா? எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் கல் நின்ற இடத்தில் நிற்கும். எந்த ஒன்றையும் தனியே நிறுத்திப் பார்த்தால், கல்லை அசைக்க அதற்குத் திராணி இல்லை. தொல்காப்பியம் ஒரு தொழில் நடப்பதற்கு வேண்டியவை எட்டு என்று கணக்கிடுகிறது: வினை, அதைச் செய்பவன், அது தொடும் பொருள், இடம், நேரம், கருவி, யாருக்காக, என்ன பலனுக்காக. ரேஸ்ட்ராக்கில் இடமும் நேரமும் கருவியும் சேர்ந்து வேலையை முடித்துவிடுகின்றன. செய்பவனுடைய ஆசனம் காலி. யாருக்காக, எதற்காக என்ற ஆசனங்களும் காலி. 'நகர்ந்தது' என்றால் தன்னால் நகர்ந்தது என்று தொனிக்கிறது, அது பொய். 'நகர்த்தியது' என்றால் எழுவாய் கேட்கிறது. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு வினைகளுக்கும் நடுவில் ஒரு நிகழ்ச்சி நிற்கிறது.

இயற்கை நீதி போதிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கல் நகர்வது நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. பனியிலிருந்து மனித ஒழுக்கத்தைப் பிழிந்தெடுப்பது கீழ்த்தரமான கவிதைக்குத்தான் உதவும். இந்த ஏரி செய்வது ஒன்றே ஒன்று: நம் தர்க்கத்தின் பழக்கம் ஒன்றை உடைத்துக் காட்டுகிறது. விளைவின் அளவுக்குக் காரணம் இருக்கவேண்டியதில்லை. கடுமையான ஒன்றின் பின்னால் கடுமை எதுவுமே இல்லாமல் இருக்கலாம். இதை ஒப்புக்கொண்டால் மனித விவகாரத்தில் ஒரு தர்மசங்கடம் வருகிறது. அதை நேரே பார்க்கவேண்டும்.

நமக்குள்ளேயே நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவன் எழுதிக்கொண்டிருக்கிறான், பிறகு எழுதாமல் போகிறான். அவனை யாரும் தடைசெய்யவில்லை, யாரும் வசைபாடவில்லை. அவன் அனுப்பிய கவிதைக்கு ஓர் ஆசிரியர் மூன்று மாதம் பதில் போடவில்லை; அவருக்கு அச்சகப் பாக்கி. அவன் புத்தகத்துக்கு ஒருவர் விமர்சனம் எழுதுவதாகச் சொன்னார், எழுதவில்லை. ஒரு கூட்டத்தில் நாலு பேரைப் பெயர் சொன்னார்கள், ஐந்தாவதாக அவன் பெயர் வந்திருக்கலாம், வரவில்லை. ஒரு நண்பர் அவன் கதையைப் பற்றிக் கேட்டபோது புன்னகை செய்தார். தனித்தனியே ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் கனம். யாருக்கும் விரோதம் இல்லை, யாருக்கும் திட்டம் இல்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அவன் இருந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில், இலக்கியத்துக்கு வெளியே, கிடக்கிறான். பின்னால் நீண்ட தடம்.

இப்போது 'நிகழ்த்தினான்' கட்சி வருகிறது. சதி என்கிறது, ஒரு பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். 'நிகழ்ந்தது' கட்சி வருகிறது; இந்தச் சமூகத்தில் கலைஞனுக்கு இடமில்லை என்கிறது. அது பொய் அல்ல, ஆனால் யாரையும் தொடுவதில்லை. மூன்றாவதாக ஒரு சமாதானம் இருக்கிறது, அதுதான் மிகவும் சௌகரியமானது: பொறுப்பைப் பங்கு போட்டுவிடுவது. ஆயிரம் பேர் சேர்ந்து செய்ததில் என் பங்கு ஆயிரத்தில் ஒன்று. அந்த ஆயிரத்தில் ஒன்றைத் தனியே எடை போட்டால் அதற்குக் கல்லை அசைக்கும் சக்தி இல்லை. ஆகவே என் பங்கு பூஜ்யம். எல்லோரும் இதே கணக்கைப் போட்டால் எல்லோருக்கும் பூஜ்யம் வருகிறது. கல் மட்டும் 224 மீட்டர் போயிருக்கிறது. கணக்கில் எங்கும் பிழை இல்லாமலே விடை தப்பாக இருக்கிறது.

பிழை, பொறுப்பைச் சக்தியின் பங்காக எண்ணியதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பனித்தகட்டின் குற்றமின்மை அது மெல்லியதாக இருப்பதில் இல்லை. ஒரு மீட்டர் கனமாக இருந்தாலும் அது குற்றமற்றதுதான். தனக்குள் கற்கள் நிற்கின்றன என்று தகட்டுக்குத் தெரியாது. தான் ஒரு பெரிய பரப்பின் பகுதி என்று அந்தத் துண்டுக்குத் தெரியாது. நேற்றைய தடத்தை அது பார்த்ததில்லை, ஏனெனில் தடம் தெரியும் நாளில் தகடு இருப்பதில்லை. மனிதன் அதே அளவு மெல்லியவன். ஆனால் தான் எந்தப் பரப்பில் சேர்ந்து நகர்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள அவனால் முடியும். முந்தைய தடங்களை அவன் பார்த்திருக்கிறான். ஆகவே பொறுப்பை அளக்கவேண்டிய அலகு சக்தி அல்ல, பிரக்ஞை. 'நான் எவ்வளவு தள்ளினேன்' என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் 'கொஞ்சம்'தான். 'என் வழியில் என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க முடியுமா' என்ற கேள்வியைப் பங்கு போட முடியாது. ஆயிரம் பேரில் ஒவ்வொருவனுக்கும் அது முழுசாகவே வந்து சேருகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு யாரால் நடக்கமுடியும்? பதில் போடாத ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் உயிர் போய்விடும் என்று பயந்தால் மனிதன் முடங்கிவிடுவான். நியாயமான ஆட்சேபம். எல்லா நேரமும் விழித்திருக்க முடியாது. ஆனால் எந்த நேரத்தில் விழித்திருக்கவேண்டும் என்பதில் ஏரியிடம் ஒரு தகவல் இருக்கிறது. இரவில் எல்லாம் இறுகி உறைந்திருக்கும்போது கற்கள் நகர்வதில்லை; தகடு அவற்றை இருந்த இடத்திலேயே பிடித்துவைத்திருக்கிறது. பனி முழுதும் உருகிய பிறகும் நகர்வதில்லை. அந்த இளங்காற்றுக்கு வெறும் கல்லைத் தள்ளும் பலம் இல்லை. நகர்வது இளகும்போது, வெயில் இதமாக இருக்கும்போது. இளகுதல் என்ற சொல்லை அரசியலில் நல்ல அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறோம். எரன்பர்க் 1954ல் எழுதிய நாவலின் தலைப்பிலிருந்துதான், ஸ்டாலினுக்குப் பிந்திய சோவியத் வருஷங்களுக்கே அந்தப் பெயர் வந்தது. இறுக்கம் தளர்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இறுக்கமான காலத்தில் மனிதன் தன் கையைப் பற்றி எச்சரிக்கையோடு இருக்கிறான். யார் அழுத்துகிறார்கள் என்பது வெளிப்படையாக இருக்கிறது. இதமான காலத்தில், நல்ல மனிதர்களுக்கு நடுவில், யாரும் யாரையும் அழுத்தாதபோது, கையில் எந்தக் கனமும் உணரப்படுவதில்லை. கனம் உணரப்படாதது ஒன்றும் நகரவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

விமர்சனத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தடத்தைப் பார்த்துக் கர்த்தாவைக் கற்பனை செய்வதே விமர்சனம் என்று நம்மில் பலர் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு கவிதை தோற்றால் கவிஞனின் போலித்தனம். ஒரு தலைமுறை தோற்றால் வர்க்க நலன், அல்லது ஒரு பத்திராதிபரின் துரோகம். அளவுக்கு அளவு. நாரிஸ் சகோதரர்கள் செய்தது வேறு வேலை. அவர்கள் சந்தேகிக்கப்பட்டவனைத் தேடிப் போகவில்லை. நீர் எத்தனை அங்குலம், தகடு எத்தனை மில்லிமீட்டர், காற்று எவ்வளவு, எந்த மணிக்கு என்று, தனித்தனியே அற்பமாகத் தோன்றுகிறவற்றைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அலுப்பான வேலை, குற்றம் சாட்டும் சந்தோஷமும் அதில் இல்லை, மன்னித்துவிடும் சந்தோஷமும் இல்லை. எழுதாமல் போனவனுக்கு அந்தமாதிரி ஒரு கணக்கையாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ரேஸ்ட்ராக்கில் வேறு தடங்களும் இருக்கின்றன. 2016ல் யாரோ அந்தத் தரையில் வாகனம் ஓட்டிச் சக்கரச் சுவடுகளை விட்டுப் போனார்கள். அதைப் பற்றிச் சிந்திக்க ஒன்றும் இல்லை. அங்கே எழுவாய் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. சிந்திக்கவேண்டியது காலடிகளைப் பற்றி. மண் நனைந்திருக்கும்போது கல்லைக் கிட்டே போய்ப் பார்க்க ஆசைப்பட்டு நடந்தவர்களின் காலடிகள், காய்ந்து இறுகி, வருஷக்கணக்கில் அழியாமல் இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒரு முறைதான் நடந்தார்கள். அதனால்தான் தரை ஈரமாக இருக்கும்போது உள்ளே இறங்கவேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஈரத்தைக் காலை வைப்பதற்கு முன்பே கண்டுகொள்ள ஒரு மனிதனால் முடியும் என்ற அனுமானம் அந்த வேண்டுகோளில் இருக்கிறது. பனித்தகட்டிடம் யாரும் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை.